அண்ணாமலை நகரில் பதினொரு குரல்கள்

அப்பா அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர். நான் வளர்ந்தது பக்கத்திலேயே, திருவேட்களத்தில். 1929-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரைப் பற்றியும், தமிழ்ப் பேராசிரியராக வந்த விபுலானந்தரைப் பற்றியும் நிறையப் படிக்கக் கிடைக்கிறது. விடுதி மெஸ்ஸில் விடியுமுன் அடுப்பு மூட்டியவரைப் பற்றி நான் எங்கும் படித்ததில்லை. அப்பாவிடமே ஒன்றும் கேட்டுவைக்காமல் விட்டுவிட்டேன். அவர் போன பிறகுதான் அங்கே வேலை பார்த்த மற்றவர்களின் பேச்சையாவது ஒலிப்பதிவு செய்வோம் என்று கிளம்பினேன்.

முதலில் போனது ஓய்வு பெற்ற மெஸ் சமையல்காரர் வீட்டுக்கு. வயது எண்பதுக்கு மேல். முப்பது கேள்விகள் எழுதிக்கொண்டு போயிருந்தேன். "கஷ்டமான வேலையா ஐயா?" "ஆமா தம்பி." "மாணவர்கள் மரியாதையா நடந்துக்கிட்டாங்களா?" "நடந்துக்கிட்டாங்க தம்பி." நாற்பது நிமிடமும் இப்படியே போயிற்று. வீட்டில் போட்டுக் கேட்டால் அவர் குரலை விட மின்விசிறிச் சத்தம்தான் அதிகம்.

அடுத்த முறை தாளை வீட்டிலேயே வைத்துவிட்டு, அப்பா வைத்திருந்த பழைய மெஸ் படம் ஒன்றை மட்டும் எடுத்துப் போனேன். மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு, "காலையில அடுப்பு எத்தனை மணிக்கு ஐயா பத்த வைப்பீங்க?" என்று கேட்டேன். இரண்டு மணி நேரம் பேசினார். ஈர விறகு, கண்ணெரிச்சல், பரீட்சை நாளில் சாப்பிடாமல் ஓடும் பையன்களுக்கு இட்லியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தது. நடுவில் சும்மா இருந்தால் நானும் சும்மா இருந்தேன். அந்த மௌனத்துக்குப் பிறகு வந்தவைதான் பெரும்பாலும் நல்ல விஷயங்கள். அண்டா எவ்வளவு பெரிது என்று கையை விரித்துக் காட்டுவார். ஒலிப்பதிவில் கை தெரியாதே! "உங்க நெஞ்சு உயரம் இருக்குமா ஐயா?" என்று நான் வாய்விட்டுக் கேட்டுவிடுவேன்.

1965 ஜனவரி 27 பற்றி மூன்று பேர் சொன்னார்கள். இந்தித் திணிப்பை எதிர்த்துப் போன மாணவர்கள்மீது போலீஸ் சுட்டதில் மாணவர் இராசேந்திரன் இறந்த நாள் அது. ஒருவர் நினைவில் காலை, இன்னொருவர் நினைவில் மதியத்துக்குப் பிறகு. மூன்றாமவருக்கு நேரமே நினைவில்லை. அன்று இரவு வடித்த சோறு அப்படியே கிடந்தது மட்டும்தான் நினைவு. எது சரி என்று பார்த்து ஒரே கதையாக்கிவிடலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு மூன்றையும் அப்படியே வைத்து, யார் எங்கே நின்று பார்த்தார் என்பதை மட்டும் சேர்த்து எழுதினேன். அந்தச் சோற்றை வேறு எந்த ஆவணத்திலிருந்து எடுப்பது?

ஒரு அம்மா பேசி முடித்த மறுநாள் காலை போன் செய்து, தன் புகுந்த வீட்டைப் பற்றிச் சொன்னதை எடுத்துவிடச் சொன்னார். பதிவிலேயே சிறந்த பகுதி அது. மனசு கேட்கவில்லைதான். ஆனாலும் எல்லாப் பிரதிகளிலிருந்தும் அவர் முன்னாலேயே அழித்தேன். அதிலிருந்து, பதிவைப் போட்டுக் காட்டி, அவர்கள் சம்மதித்த பிறகே கையெழுத்து வாங்குகிறேன்.

எழுத்தில் இறக்குவதுதான் பெரிய வேலை. ஒரு மணி நேரப் பேச்சுக்கு எனக்கு ஆறேழு மணி நேரம் பிடிக்கிறது. முதலில் எல்லாவற்றையும் எழுத்துத் தமிழாக்கினேன். சமையல்காரரின் மகள் படித்துவிட்டு, "எங்கப்பா இப்படிப் பேச மாட்டாரே" என்றார். சரி என்று அவர் பேச்சிலேயே திரும்ப எழுதினேன். இப்போது ஒரு பிரதி என்னிடம், ஒன்று திருச்சியில் அக்கா வீட்டில், ஒன்று பேசியவரின் குடும்பத்திடம்.

பதினொரு பேர் முடிந்தது. அடுத்தவர் பறங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் மாணவர்களை வெள்ளாற்று முகத்துவாரத்துக்குப் படகில் கூட்டிப்போனவர். மீன் பெயர்களை வீட்டில் உட்கார்ந்து சொல்ல வராதாம், படகில் வரச் சொல்லியிருக்கிறார். காற்றுச் சத்தத்துக்காக மைக்குக்குப் பஞ்சு உறை வாங்கி வைத்திருக்கிறேன்.