இனப்பெயர் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, எதிலிருந்து வந்தது என்று எழுதுங்கள்

ஒட்டுண்ணி ஈக்களைப் பற்றி யார் எழுதினாலும் "அரிய இனம்" என்று ஒரு வார்த்தை வந்துவிடுகிறது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. உடம்பே சில மில்லிமீட்டர்தான், புழுப் பருவம் முழுக்க இன்னொரு உயிரின் வயிற்றுக்குள், சிறகு முளைத்து வெளியே சுற்றுவது கொஞ்ச காலம்: இது யார் கண்ணில் படும்? லாஸ் ஏஞ்சலஸில் வீட்டுத் தோட்டங்களில் கூடாரம் போன்ற மலேஸ் பொறிகளைக் கட்டிவைத்துப் பார்த்தார்கள். மெகாசீலியா என்ற ஒரே ஈப் பேரினத்தில் 30 புதிய இனங்கள் கிடைத்தன, 2015-ல் அறிவித்தார்கள். அத்தனையும் மனிதர்கள் குடியிருக்கும் வீடுகளின் கொல்லையில்!

எனக்குப் பிடித்த ஈக் குடும்பம் பைபன்குலிடே. தலை முழுக்கக் கண்தான். இலைகளுக்கு நடுவே அந்தரத்தில் நின்றபடி, செடிச் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சியைத் தேடும், கண்டதும் அதைத் தூக்கிக்கொண்டு கூரான முட்டையிடும் உறுப்பால் குத்தி முட்டையை உள்ளே வைத்துவிடும். அந்தத் தலையைப் பார்த்தால் குடும்பத்தைச் சொல்லிவிடலாம், அதில் சிக்கல் இல்லை. அதற்கு மேல்தான் தகராறு. முன்விளிம்பில் நிறமேறிய பட்டை இருக்கிறதா, குறுக்கு நரம்பு எந்த இடத்தில் இருக்கிறது என்றெல்லாம் சிறகில் பார்த்துப் பேரினம் வரை போகலாம். அதனால்தான் முகத்தை மட்டும் அழகாகப் படமெடுத்துவிட்டுச் சிறகை விட்டுவிடுகிறவர்களைக் கண்டால் கொஞ்சம் எரிச்சல் வருகிறது. இனத்தைச் சொல்ல வேண்டுமென்றால் பெரும்பாலும் ஆணின் பிறப்புறுப்பைப் பிரித்து நுண்ணோக்கியில் வைத்தாக வேண்டும். கிடைத்தது பெண் என்றால் பல சமயம் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் மரியாதை.

சரி, பேரினத்தோடு நின்றுவிட்ட பதிவால் என்ன பயன்? நிறைய, அது எந்த உயிரிலிருந்து வந்தது என்று தெரிந்தால். 2012-ல் பூச்சியியலாளர் பிரையன் பிரவுன் தாய்லாந்திலிருந்து யூரிபிளாட்டியா நானக்நிஹாலி என்ற ஈயை விவரித்தார், நீளம் 0.4 மி.மீ. எறும்பின் தலைக்குள் வளர்கிறது என்று படித்திருப்பீர்கள். ஆனால் அது பொறியில் விழுந்த ஈ. ஆப்பிரிக்காவில் இருக்கும் அதன் உறவினம் எறும்பில் வளர்வதால் இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று ஊகித்தார்கள். நல்ல ஊகம்தான், இருந்தாலும் பொறி பெயரைக் கொடுக்கும், வாழ்க்கையைக் கொடுக்காது.

ஆகவே பூச்சி பிடிக்கும் வலையில் வயிறு வீங்கிய தத்துப்பூச்சி வந்தால் அதை உதறிவிடாமல், அது தின்னும் செடியின் தளிரோடு, அடியில் கொஞ்சம் ஈர மண் போட்ட டப்பாவில் வைத்துப் பாருங்கள். உள்ளே புழு இருந்தால் முதிர்ந்ததும் பூச்சியைக் கிழித்துக்கொண்டு வெளியேறி மண்ணில் கூடாகும். அப்புறம் ஈ வந்ததும் அந்த ஈ, காலிக் கூடு, செத்த தத்துப்பூச்சி மூன்றையும் ஒரே குப்பியில் போட்டு, இடம், தேதி, செடி, பாலினம் எழுதிய சீட்டையும் உள்ளே வையுங்கள். டிஎன்ஏ எடுக்கும் எண்ணம் இருந்தால் 95 சதவீத எத்தனால் நல்லது. செடியின் பெயர் தெரியாவிட்டால் ஒரு இலையைப் படமெடுத்தால் போதும்.

சிலந்தி வளர்ப்பவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். அக்ரோசெரிடே என்ற கூன் விழுந்த, ஊசித்தலை ஈக்களின் புழு சிலந்திக்குள் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில்கூட இருக்கும். காட்டிலிருந்து பிடித்துவந்த சிலந்தி ஒரு நாள் காலையில் வயிறு சுருங்கிச் செத்துக் கிடந்து, பக்கத்தில் வெள்ளையாக ஒரு கொழுத்த புழு நெளிந்தால், அருவருப்பாகத்தான் இருக்கும், ஆனால் தயவுசெய்து குப்பையில் கொட்டாதீர்கள். புழுவை அப்படியே விட்டால் ஈயாகிவிடும், சிலந்தியை எத்தனாலில் போட்டு வையுங்கள், பிடித்த இடத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.