புல்லட்டில் நியூட்ரல் விழவில்லை: கியர்பாக்ஸைப் பிரிக்காமலே சரியானது

செங்கோட்டைப் பக்கம் புளியரை செக்போஸ்ட் தாண்டி, கேரள எல்லையில் இருக்கும் கோட்டைவாசல் வரைக்குமான ஏற்றத்தில் பைக் ஓட்டியவர்களுக்கு நான் சொல்ல வருவது உடனே புரியும். கேரளாவுக்குக் காய்கறியும் வைக்கோலும் ஏற்றிப் போகிற லாரிகள் வரிசைகட்டி நிற்கும். கொஞ்சம் நகரும், மறுபடியும் நிற்கும். அந்த வரிசைக்குள் மாட்டிக்கொண்டு நியூட்ரலும் விழவில்லை என்றால், கிளட்ச்சைப் பிடித்துப் பிடித்தே இடது கை மரத்துப்போகும்.

என்னுடையது பழைய காஸ்ட் அயர்ன் இன்ஜின் 350 புல்லட். கியர் வலது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. இந்த வண்டியில் கியர் லீவர் தவிர, குதிகாலால் அமுக்க நியூட்ரலுக்கென்றே சின்னதாக இன்னொரு லீவரும் உண்டு. இரண்டு, மூன்று, நான்கு எதில் இருந்தாலும் அதை ஒரு அமுக்கு அமுக்கினால் நியூட்ரலுக்கு வந்துவிடும். முதல் கியரில் இருந்து மட்டும் வராது. ஏற்றத்தில் ஊர்ந்து போகும்போது நாம் இருப்பது முதல் கியரில்தானே. அங்கே மேலே தட்டினால் முதல், கீழே அமுக்கினால் இரண்டு. நடுவில் இருக்கிற நியூட்ரல் மட்டும் கிடைக்கவே கிடைக்காது.

செங்கோட்டையில் நான் வழக்கமாகப் போகும் மெக்கானிக் அண்ணாச்சி ஸ்பேனரைக்கூட எடுக்கவில்லை. "வண்டிய அமத்திட்டுப் போட்டுப் பாருங்க தம்பி" என்றார். இன்ஜினை நிறுத்திவிட்டு வண்டியை லேசாக முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே லீவரைத் தொட்டேன். வெண்ணெய் மாதிரி நியூட்ரல் விழுந்தது. "அப்பம் கியர்பாக்ஸ்ல ஒண்ணும் இல்ல. கிளட்ச் விடமாட்டேங்குது, அவ்வளவுதான்" என்றார்.

காரணம் இதுதான். கிளட்ச்சைப் பிடித்ததும் அதன் உள்ளே அடுக்கியிருக்கும் பிளேட்டுகள் முழுதாகப் பிரிய வேண்டும். பிரியாமல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருந்தால், இன்ஜினின் சுழற்சி கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அந்த இழுவையில் கியர்களின் பக்கவாட்டுப் பற்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கும். அவற்றை விலக்க ஒரு தட்டு தட்டினால் நியூட்ரலைத் தாண்டி அடுத்த கியருக்கே போய்விடும். இன்ஜின் நின்றால் இழுவையும் இல்லை, பிடியும் இல்லை. நியூட்ரல் விழவில்லை என்றதும் கியர்பாக்ஸைப் பிரித்து, உள்ளே கியர்களை நகர்த்தும் ஃபோர்க்கை மாற்றச் சொல்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

முதலில் அதிகம் செலவில்லாத வேலைகள். சாரலில் நனைந்து நனைந்து கிளட்ச் கேபிள் உள்ளே துருப்பிடித்திருந்தது. லீவரை விட்டால் தயங்கித் தயங்கித்தான் திரும்பியது. புதுக் கேபிள் போட்டு, லீவர் முனையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆட்டம் மட்டும் விட்டேன். ஆட்டம் அதிகமானால் பிளேட் பிரியாது. அறவே இல்லாவிட்டால் கிளட்ச் வழுக்கும். அப்புறம் ஐட்லிங்கை, அதாவது ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல் இன்ஜின் ஓடும் வேகத்தை, குறைத்தேன். ஐட்லிங் ஏறியிருந்தால் இழுவையும் கூடும். இதிலேயே பாதி சரியானது. வண்டி குளிர்ந்திருக்கையில் நியூட்ரல் விழுந்தது. சூடேறியதும் பழைய கதைதான்.

சரி, உள்ளே பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். இடது ஃபுட்ரெஸ்டைக் கழற்றினால், கிளட்ச்சை மூடியிருக்கும் பிரைமரி கவரை நடுவில் இருக்கும் ஒரே ஒரு பெரிய நட்டுதான் பிடித்திருக்கிறது. கீழே தட்டு வைத்துவிட்டுத் திறக்க வேண்டும், எண்ணெய் மொத்தமும் கொட்டும். என் வண்டியில் கொட்டியது தேன்பாகு பதத்தில் கறுத்த எண்ணெய், அதுவும் அளவுக்கு மேலே. இவ்வளவு கனமான எண்ணெய் பிளேட்டுகளுக்கு நடுவே நின்றால் அவை எப்படிப் பிரியும்?

கவர் திறந்திருக்கும்போது செய்ய வேண்டிய ஒரு சோதனை இருக்கிறது, இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். புல்லட்டின் கிக்கர் கியர்பாக்ஸ் வழியாக, கிளட்ச் மூலம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாக அமுக்கினால், பிளேட்டுகளை வெளியிலிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் மட்டும் சுற்றும், இன்ஜின் அசையக் கூடாது. பையனைக் கிளட்ச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, நான் கையால் கிக்கரை அமுக்கி, பக்கவாட்டில் குனிந்து பார்த்தேன். பிளேட் நேராகச் சுற்றவில்லை. ஒரு பக்கம் நன்றாகத் தூக்கியது, எதிர்ப்பக்கம் தூக்கவே இல்லை. இன்ஜினும் கூடவே அசைந்தது. பிளேட் ஒட்டுவதைக் கண்ணாலேயே பார்த்தாயிற்று.

பிரஷர் பிளேட்டை அழுத்தும் ஸ்பிரிங்குகளைக் கழற்றித் தரையில் வரிசையாக நிற்கவைத்தால் உயரம் ஒன்றுபோல் இல்லை. ஒன்றிரண்டை மட்டும் மாற்றினால் அதே கோணல் திரும்பவும் வரும், செட்டாகத்தான் மாற்ற வேண்டும். ஸ்டீல் பிளேட்டுகளைக் கண்ணாடி மேல் வைத்துச் சுற்றிலும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்தேன். ஒரு பிளேட் வளைந்திருந்தது. பிளேட்டுகள் உட்காரும் கிளட்ச் டிரம்மைப் பார்த்தால், ஃப்ரிக்ஷன் பிளேட்டின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகள் இடித்து இடித்து அதன் காடிகளில் பள்ளம் விழுந்திருந்தது. நகத்தை வைத்து இழுத்தால் மாட்டும். பிளேட் பக்கவாட்டில் நகரும்போது இந்தப் பள்ளத்தில்தான் சிக்குகிறது. சன்ன அரத்தால் ஓரங்களை மட்டும் தடவிவிட்டேன். ஆழமாக ராவினால் காடி அகலமாகி பிளேட் ஆடத் தொடங்கும்.

ஸ்பிரிங் செட்டும் பிளேட் செட்டும் புனலூரில் கிடைத்தன. மாட்டிவிட்டு, வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, லெவல் ஸ்க்ரூ ஓட்டையில் வழிகிற அளவுக்குப் புது எண்ணெய் ஊற்றினேன். கவரின் ரப்பர் வளையத்தை மட்டும் அவசரப்படாமல் உட்காரவையுங்கள். ஒரு இடத்தில் பிதுங்கினாலும் ஒழுகும்.

ஆரியங்காவு, கழுதுருட்டி பதின்மூன்று கண் பாலம் வழியாகத் தென்மலை வரை ஓட்டிப் பார்த்தேன். இன்ஜின் நல்ல சூட்டில், ஏற்றத்தில் முதல் கியரில் நின்றபடி ஒரு தொடு தொட்டேன். நியூட்ரல் விழுந்தது. இறக்கத்திலும் விழுந்தது. கியர் மாற்றும்போது வந்த 'டங்' சத்தமும் இப்போது இல்லை.

இன்னும் மிச்சம் இருப்பது காலை முதல் ஸ்டார்ட். இரவெல்லாம் நின்ற வண்டியில் பிளேட்டுகள் லேசாக ஒட்டியிருக்கும். கிளட்ச்சைப் பிடித்து இரண்டு மூன்று முறை கிக்கரை அமுக்கிவிட்டால் விட்டுவிடுகிறது. டிரம்மையே மாற்ற வேண்டிவரும் என்று அண்ணாச்சி சொல்கிறார். காடிகள் நல்ல நிலையில் இருக்கிற டிரம் ஒன்றுக்கு அவரிடமே சொல்லி வைத்திருக்கிறேன். கிடைத்ததும் பழையதையும் அதையும் பக்கத்தில் வைத்துக் காடி அகலத்தை அளந்து எழுதுகிறேன்.