கியூடெக்ஸ் காயும் வரை

கியூடெக்ஸ், அதாவது நகப்பூச்சு, சீக்கிரம் காய என்ன வழி என்று எங்கள் குடும்பத்தில் யாரைக் கேட்டாலும் ஐஸ் தண்ணீர் என்பார்கள். சின்னம்மா இன்றைக்கும் ஒரு கிண்ணத்தில் ஐஸ் கட்டியைப் போட்டு, விரல்களை முக்கிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். வெளியே எடுத்துத் தொட்டால் கெட்டியாகத்தான் இருக்கும். அரை மணி கழித்துக் கைப்பையின் ஜிப்பை இழுக்கும்போதுதான் கட்டைவிரல் பூச்சு ஒரு பக்கமாக ஒதுங்கி மடிப்பு விழும்.

காரணம் எளிது. நகப்பூச்சு என்பது நைட்ரோசெல்லுலோஸைக் கரைத்து வைத்த திரவம். கரைத்து வைத்திருப்பவை எத்தில் அசிட்டேட், பியூட்டில் அசிட்டேட் போன்றவை. புட்டியைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிறதே, அந்த வாசனை அவற்றுடையதுதான். அவை ஆவியாகிப் போனால்தான் பூச்சு காயும். குளிர்ந்த தண்ணீர் மேற்பரப்பைக் கொஞ்சம் விறைக்க வைக்கும், அவ்வளவுதான். உள்ளே இருப்பது வெளியேற அது உதவாது. குளிர்ந்தால் ஆவியாவது மெதுவாகத்தான் நடக்கும்.

போன வருடம் அண்ணன் கல்யாணத்துக்கு முந்தைய இரவு இதையெல்லாம் ஒழுங்காகச் செய்து பார்க்க வாய்ப்பு வந்தது. பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீடு நிறைய ஆட்கள். நலங்கு முடிந்து கையெல்லாம் மஞ்சள், சந்தனம். நகக்கடைக்குப் போக யாருக்கும் நேரமில்லை. ஜெல் போட்டுவிடலாம் என்று தங்கை சொன்னாள். ஜெல் வேறு கதை. அது காற்றில் காய்வதில்லை, அதற்கென்று உள்ள புற ஊதா விளக்கொளியில் இறுகுகிறது. வீட்டிலேயே போடும் ஜெல் பெட்டியை வாங்கித் தோலில் படப் பூசிக்கொண்டால் சிலருக்கு ஒவ்வாமை வந்து, பிறகு ஜெல் பக்கமே போக முடியாமல் ஆகிவிடும். கல்யாணத்துக்கு முந்தைய இரவா அதைச் சோதித்துப் பார்க்கும் நேரம்?

பூச்சு நிலைத்து நிற்பது, பூசுவதற்கு முன்பே பாதி முடிவாகிவிடுகிறது என்பது என் கட்சி. நகம் தண்ணீரைக் குடிக்கும். குளித்தாலும் பாத்திரம் கழுவினாலும் லேசாக உப்பும், காய்ந்ததும் பழைய அளவுக்குச் சுருங்கும். உப்பிய நகத்தின் மேல் பூசினால், நகம் சுருங்கும்போது பூச்சு பிடி விட்டு நுனியில் பெயரும். கடைகளில் வெந்நீரில் கையை ஊறவைத்துவிட்டு உடனே பூசுவார்களே, பார்க்கும்போது சுகமாக இருக்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அதனால் அன்று பாத்திரம் கழுவும் வேலையை மாமா பையன்கள் தலையில் கட்டிவிட்டு, கை கழுவி ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தேன்.

பத்தரை மணிக்கு அறையில் ஏர்கோன் போட்டு உட்கார்ந்தோம். பினாங்கில் மழை பெய்து ஓய்ந்த இரவு எப்படிப் புழுங்கும் என்று தெரியும்தானே. வேர்த்த விரலில் எதுவும் ஒட்டாது. சாமி அறைப் பக்கம் தங்கை பாய் விரித்தாள், எழுப்பி இங்கே கூட்டி வந்தேன். அந்த ஆவி தீப்பிடிக்கும், குத்துவிளக்கோ அடுப்போ பக்கத்தில் இருக்கக்கூடாது.

முதலில் ரிமூவர் தொட்ட பஞ்சால் ஒவ்வொரு நகத்தையும் துடைத்தேன், பழைய பூச்சு இல்லாவிட்டாலும். தங்கை காலையில் வைத்த மருதாணி மேல் யூகலிப்டஸ் தைலம் தடவியிருந்தாள். அந்த எண்ணெய் ஒரு துளி இருந்தாலும் மறுநாள் முழு ஓடாக உரிந்து வரும். (மருதாணிக்கு முன்பே நகத்தில் நிறமில்லாத பூச்சு ஒன்று போட்டுக்கொண்டால் நகம் சிவக்காது. அவள் போடவில்லை, பத்து நகமும் ஆரஞ்சு.)

அடுத்து பேஸ் கோட், நிறத்துக்கு அடியில் போடும் பூச்சு. அடர் சிவப்பு, மெரூன் பூசுகிறவர்கள் இதை விட்டால் கழற்றிய பிறகு நகம் மஞ்சளாகத் தெரியும். பிறகுதான் நிறம். இங்கேதான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். ஒரே பூச்சில் முடிக்கலாம் என்று தூரிகையில் நிறைய எடுத்து இழுத்தால் மேலே தோல் கட்டும், அடியில் இருக்கும் ஈரம் வெளியே வர வழியின்றி மாட்டிக்கொள்ளும். அது மணிக்கணக்கில் காயாது. தூரிகையின் ஒரு பக்கத்தைப் புட்டியின் கழுத்தில் வழித்துவிட்டு, நடுவில் ஒன்று, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று என்று மூன்றே இழுப்பு. முதல் பூச்சு திட்டுத்திட்டாக, அசிங்கமாகத்தான் இருக்கும். இருக்கட்டும். இரண்டு மூன்று நிமிடம் விட்டு இரண்டாவது போட்டால் சமமாகிவிடும். மெல்லிய மூன்று பூச்சு, தடித்த ஒன்றைவிட முன்னால் காயும்.

ஒவ்வொரு முறையும் நகத்தின் நுனி விளிம்பிலும் தூரிகையை ஒரு தடவை ஓட்டிவிட வேண்டும். பெயரத் தொடங்குவது அங்கிருந்துதான். என்னைப் போல நாள் முழுக்கக் கணினி தட்டுகிறவர்களுக்கு இந்த ஒரு இழுப்பே இரண்டு நாள் கூடுதலாகத் தரும்.

அத்தை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஃபேனைப் பெருசா வைடி, எதுக்கு இவ்வளவு நேரம்?" என்றார். பூசிய உடனே பலமான காற்று கூடாது, மேல்தோல் முதலில் இறுகிக் கொப்புளம் வரும். ஹேர் டிரையரின் சூடான காற்று அதைவிட மோசம். கொஞ்சம் செட்டான பிறகு மெல்லிய காற்று நல்லது. புட்டியைக் கடகடவென்று குலுக்கினாலும் குமிழி சேரும், உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டினால் போதும்.

கடைசியில், நிறத்துக்கு மேலே போடும் சீக்கிரம் காயும் டாப் கோட். வாட்சன்ஸ், கார்டியன் மருந்துக் கடைகள் எதிலும் கிடைக்கும். நிறம் முழுக்கக் காய்வதற்கு முன்பே, லேசான ஈரம் இருக்கும்போது போட்டால்தான் அது கீழே உள்ள பூச்சுகளோடு சேர்ந்து இறுகும். சில வகை இறுகும்போது சுருங்கி நுனியை விட்டு விலகும், ஆகவே இதிலும் விளிம்பை மூட மறக்கக்கூடாது. ஒரு நிமிடத்தில் காயும் என்று புட்டியில் எழுதியிருந்தால் தொட்டால் ஒட்டாது என்று மட்டும் அர்த்தம். உள்வரை இறுகப் பல மணி நேரம் ஆகும். உடனே படுத்தால் காலையில் போர்வையின் நெசவு நகத்தில் அச்சாகியிருக்கும். நாங்கள் பேசிக்கொண்டே ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தோம். படுக்கும் முன் ஒவ்வொரு நகத்திலும் ஒரு துளி தேங்காய் எண்ணெய் வைத்தேன். எண்ணெய் எதையும் காயவைக்காது. ஆனால் மேலே வழுக்குவதால், பட்டது இழுக்காமல் நழுவிப் போகும்.

அப்படியும் தங்கை தாவணி ஊசியைக் குத்தும்போது மோதிரவிரலில் பள்ளம் விழுந்தது. விரல் நுனியை ரிமூவரில் நனைத்து, பள்ளத்தின் மேல் இரண்டு தடவை மெதுவாகத் தட்டினால் பூச்சு இளகிச் சமமாகும். அதன் மேல் டாப் கோட். முழுதாகத் துடைத்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.

என் மெரூன் கல்யாணம், மறுவீடு, அடுத்த வார அலுவலகம் என்று தாங்கியது. இரண்டு நாளுக்கு ஒருமுறை மெல்லிய டாப் கோட், பாத்திரம் தேய்க்கக் கையுறை, வேறொன்றும் செய்யவில்லை. அலுவலகத்து மலாய்த் தோழிகள் தொழுகைக்கு முன் உரித்தெடுக்கும் வகை வாங்குவார்கள். அதன் வசதியே கழற்றுவதுதான், நீடிக்க வேண்டும் என்பவர்களுக்கு அது சரிப்படாது.

தங்கை எடுத்தது வெளிர் ரோஸ். விருந்தில் ஆட்டுக்கறிப் பிரட்டலைக் கையால் பிசைந்து சாப்பிட்டதும் வலது கையில் மட்டும் மஞ்சள் ஏறிவிட்டது. பழைய டாப் கோட்டே கறை பிடித்த பிறகு மேலே இன்னொன்று போட்டு மறைக்க முடியாது. மறுநாள் அந்த ஐந்து விரலையும் துடைத்து வேறு நிறம் போட்டுக்கொண்டாள்.