வெள்ளெழுத்துக் கண்ணாடி வாங்கப் போய்...

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். வயது 46. போன மாசியில், சீசன் உச்சத்தில், சீட்டில் இருந்த 3 எனக்கு 8 ஆகத் தெரிந்து விரலி மூட்டைக் கணக்கு இடித்துவிட்டது. வெள்ளெழுத்துதான், ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டால் தீர்ந்தது என்று கண்ணாடிக் கடைக்குப் போனேன். மெஷினில் மோவாயை வைக்கச் சொல்லி, கண்ணில் புஸ்ஸென்று காற்றடித்தார்கள். அந்தப் புள்ள மூன்று தடவை அடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணுல பிரஷர் ஜாஸ்தியா காட்டுதுங்கண்ணா. வலது 26, இடது 24. 21 வரைக்கும்னா பரவாயில்லை. டாக்டர்கிட்டக் காட்டிருங்க" என்றது. சீட்டில் 'க்ளாக்கோமா' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. கண் நரம்பு கெட்டு, ஓரத்திலிருந்து பார்வை போகிற நோய் அது.

அந்தக் கேள்விக்குறியோடு ஒன்பது நாள் ஓட்டினேன்.

நினைப்பெல்லாம் எங்கள் அப்புச்சி, அம்மாவைப் பெற்றவர் மேல்தான். நேரே வந்து நிற்கிற ஆளை யாரென்று சொல்லிவிடுவார். கட்டுத்தரையில் பக்கவாட்டில் நிற்கிற எருமை மேல் போய் இடித்துக்கொள்வார். கடைசியில் சுவரைத் தடவித் தடவித்தான் நடை. "வயசாயிப்போச்சு, கண்ணு மங்கத்தானே செய்யும்" என்று எல்லோரும் விட்டுவிட்டோம். அவருக்கு என்ன நோய் என்று இனி யாரைக் கேட்பது?

ராத்திரி ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு காலண்டரைப் பார்ப்பேன், அப்புறம் மறு கண்ணை. வண்டியில் போகும்போது ஓரத்துப் புளியமரம் தெரிகிறதா என்று பார்ப்பேன். "நடுச்சாமத்துல ஒத்தைக் கண்ணுல என்னத்தப் பாக்கறீங்க?" என்று வீட்டுக்காரி சத்தம் போட்டாள். இந்தப் பரீட்சையெல்லாம் வீண் என்று பிற்பாடுதான் தெரிந்தது. ஓரத்தில் பார்வை கொஞ்சம் போனாலும் மூளை அந்த இடத்தை ஒப்பேற்றிவிடுமாம். பெரும்பாலும் வலி கிடையாது, கண்ணும் சிவக்காது. போன பார்வை திரும்பவும் வராது.

பத்தாம் நாள் விடியக்காலப் பஸ்சில் கோயமுத்தூர் போய், ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தேன். முதலில் மரத்துப்போகிற சொட்டு, அப்புறம் ஒரு சாயம். நீல வெளிச்சத்தில் ஒரு சின்னக் கருவியைக் கண்ணில் தொட்டும் தொடாமலும் வைத்துப் பார்த்தார்கள். துடைத்தால் கர்ச்சீப்பெல்லாம் மஞ்சள். மண்டிக்காரனுக்கு அது ஒன்றும் புதுசில்லை! அப்போதும் 26 தான். கருவிழி தடிமனாக இருந்தாலும் அளவு கூடிக் காட்டுமாம். எனக்கு 548 மைக்ரான், அது எல்லோருக்கும் இருக்கிற அளவுதான். அந்தச் சாக்கும் போச்சு.

என்னை வாட்டியது பார்வைப் பரப்புச் சோதனைதான். ஒரு கண்ணைக் கட்டிவிட்டு, வெள்ளைக் குண்டான் மாதிரி ஒன்றுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் இருக்கிற மஞ்சள் விளக்கையே பார்க்கணும். எங்காவது பொட்டு வெளிச்சம் மினுங்கினால் கையில் இருக்கிற பட்டனை அமுக்கணும். சித்த நேரம் எதுவுமே மினுங்கவில்லை. போச்சு, அப்புச்சி நிலைமைதான் என்று பதறி, வந்ததோ வரவில்லையோ, அமுக்கித் தள்ளினேன். முடிந்ததும் அந்தத் தம்பி, "வெளிச்சம் வராதப்பவும் அமுக்கியிருக்கீங்கண்ணா. பாதி வெளிச்சம் கண்ணுக்கே தெரியாத மாதிரி மங்கலாத்தான் வரும், பயப்படாதீங்க" என்றார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். டீ குடித்துவிட்டு வந்து மறுபடி செய்தேன், நன்றாகவே வந்தது. நரம்பைப் படம் எடுத்ததில் பச்சையே அதிகம், இடது கண்ணில் ஒரே ஓர் இடம் மட்டும் மஞ்சள். பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் சந்தேகம்.

டாக்டரம்மா கண்ணுக்குள் பார்த்துவிட்டு, நரம்பு வட்டத்தின் குறுக்களவில் நடுக்குழி 0.6 பங்கு இருக்கிறது, கொஞ்சம் பெரிசு, சிலருக்குப் பிறவியிலேயே அப்படி இருக்கும் என்றார். அப்புறம் கேட்டார்: "ஏதாவது மருந்து எடுக்கறீங்களா?"

"சுகரு, பிரஷரு ஒண்ணுமில்லீங்க."

"கண்ணுக்கு?"

"அது மருந்தில்லீங்க, மஞ்சத் தூசிக்கு..." என்று சட்டைப் பையிலிருந்து சொட்டு பாட்டிலை எடுத்து நீட்டினேன்.

மூட்டையைக் குத்தி சாம்பிள் எடுக்கும்போது பறக்கிற தூசியில் கண் அரிக்கும். மூன்று வருசம் முன்னால் மருந்துக்கடையில் கேட்டேன், இதைக் கொடுத்தார்கள். இரண்டு சொட்டு விட்டால் அரிப்பும் சிவப்பும் நொடியில் போய்விடும். சீசனில் தினமும் விடுவேன். டாக்டரம்மா செல்போன் வெளிச்சத்தில் பொடி எழுத்தைப் படித்தார். டெக்ஸாமெத்தசோன். ஸ்டீராய்டு. சிலருக்கு இது கண் பிரஷரை ஏற்றிவிடும், நாள்பட விட்டால் கண்புரையும் வரும் என்றார். அந்த எழுத்தை நான் எங்கே படிப்பது? எனக்குத்தான் வெள்ளெழுத்தாச்சே. மனசு பொக்குனு போச்சு.

அதை நிறுத்தச் சொல்லி, அரிப்புக்கு வேறு சொட்டு எழுதிக் கொடுத்தார். டாக்டர் பார்த்துக் கொடுத்த ஸ்டீராய்டு என்றால் தானாக நிறுத்தக் கூடாது, அவரைக் கேட்டுத்தான் செய்யணும் என்பதையும் அழுத்திச் சொன்னார். கண்மணி விரிய மருந்து விட்டிருந்ததால் திரும்பும்போது வெயில் ஊசியாய்க் குத்தியது. அவிநாசி, பெருந்துறை எதையும் பார்க்கவில்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டே ஈரோடு வந்து சேர்ந்தேன்.

ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது 18, 17. நோய் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் எழுதவில்லை. குழி பெரிசு என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருதரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவையும் ஒருதரம் காட்டச் சொன்னார்கள்.

"எனக்கென்ன கேடு? அரிசியில கல்லு பொறுக்கறனா இல்லையா?" என்றாள் அம்மா.

"அப்புச்சிக்கும் நேரா இருக்கறது நல்லாத்தானேம்மா தெரிஞ்சுது."

முறத்தைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"எத்தனை மணிக்கு பஸ்சு?" என்றாள்.