கம்பிவடத்தின் முனையில் ஒரு பாறை

கடலடிப் பாறைகளைச் சேகரிக்கும் ஆய்வுக் கப்பலில் பெரும்பகுதி நேரம் காத்திருப்பிலேயே கழிகிறது என்று சொன்னால், நிலத்தில் பணிபுரியும் புவியியலாளர்கள் எளிதில் நம்புவதில்லை. சுத்தியலுடன் நடந்துபோய், வேண்டிய இடத்தில் உடைத்து எடுக்கப் பழகியவர்கள் அவர்கள். நாங்களோ 3,000 மீட்டர் ஆழத்திலுள்ள ஒரு சரிவை எதிரொலிமானி தீட்டித் தரும் வரைபடத்தில் மட்டுமே காண்கிறோம்; அவ்வளவு ஆழத்துக்கு ஒலி போய்த் திரும்பவே சுமார் 4 வினாடி ஆகிறது.

வண்டல் தங்காத செங்குத்தான சரிவைத் தேர்ந்தெடுத்ததும், இரும்பு வாயும் சங்கிலி வலைப் பையும் கொண்ட டிரெட்ஜ் என்ற வாரிக்கருவி பின்தளத்திலிருந்து இறங்கும். வடத்தைச் சுற்றி வைத்திருக்கும் வின்ச் பொறி வினாடிக்கு 1 மீட்டர் அளவில் அதை விட்டாலும், டிரெட்ஜ் அடியைத் தொட ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிவிடும். பிறகு கப்பல் மெல்ல நகர, எல்லோருடைய கண்களும் வடத்தின் இழுப்பைக் காட்டும் இழுவிசைமானியின் கோட்டிலேயே இருக்கும். கோடு விருட்டென எழுந்து விழுந்தால் ஏதோ உடைந்திருக்கிறது என்று பொருள். எழுந்தது இறங்காமல் நின்றால் டிரெட்ஜ் சிக்கிக்கொண்டது. இறுகிய வடம் அறுந்தால் சாட்டையாய் வீசி ஆளையே கொல்லக்கூடும் என்பதால், வடத்துக்கு முன்பே அறுந்துபோகும்படி வலுக்குறைந்த இணைப்பு ஒன்றை வேண்டுமென்றே பொருத்துகிறார்கள். அந்நேரத்தில் பின்தளத்தில் எவருக்கும் அனுமதியில்லை.

கப்பலின் வாடகை நாட்கணக்கில் ஏறுவதால் வேலை இரவுபகலாக நடக்கும். 12 மணி நேர முறைப்பணியில் உறக்கம் எப்படியோ பழகிவிடுகிறது. வின்ச்சின் ஓசை நின்றால்தான் விழிப்பு வருகிறது.

பை திறந்ததும் நான் முதலில் தேடுவது கடலடியில் தலையணை வடிவில் உறைந்த எரிமலைக்குழம்பின் கண்ணாடி விளிம்பைத்தான். குழம்பு நீரில் பட்டு நொடியில் உறைந்ததால், உருகிய நிலையின் வேதியியலை அது அப்படியே வைத்திருக்கிறது. வயதான பாறையை மாங்கனீசு மேலோடு மூடியிருக்கும். அது 10 லட்சம் ஆண்டுகளுக்குச் சில மில்லிமீட்டரே வளர்கிறது. ரம்பத்தால் அறுத்து உள்ளே பார்த்தால்தான் மாற்றமடையாத பாறை எஞ்சியிருக்கிறதா என்பது தெரியும்.

ஆயினும் பைக்குள் வந்ததெல்லாம் அந்தச் சரிவின் பாறை என்று கொள்ள முடியாது. துருவங்களை நெருங்கிய உயர் அட்சரேகைக் கடல்களில், மிதக்கும் பனிப்பாறைகள் கண்டங்களிலிருந்து சுமந்துவந்து உருகும்போது உதிர்த்த கிரானைட் கற்களும் கூடவே ஏறிவருகின்றன. எனவே கூரிய முனைகளும் புதிதாக உடைந்த முகமும் உள்ள கல்லையே அவ்விடத்துக்குரியதாக ஏற்கிறேன். உருண்டு வழவழத்தவை, எவ்வளவு அழகாக இருந்தாலும், ஐயக்குறியோடு தனிப் பெட்டிக்குப் போகின்றன.