மல்லாட்டை காய்ந்த ஓடுதளம்

அரக்கோணத்தில் கடல் கிடையாது, ஆனால் கடற்படைத் தளம் இருக்கிறது. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். அதற்கு முன் அது என்னவாக இருந்தது என்பது எங்கள் வயசுக்காரர்களுக்குத்தான் தெரியும்.

1942 ஏப்ரல் 5-ல் ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினம். அடுத்தது நாம்தான் என்று மெட்ராஸே காலியானது. கரையை ஒட்டி விமானங்களை வைத்திருந்தால் ஆபத்து. அரக்கோணமோ எழுபது கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. 1856-லிருந்தே ரயில் ஓடும் ஊர், பம்பாய்ப் பாதை பிரியும் ஜங்ஷன். பெட்ரோலோ குண்டோ, எதுவானாலும் வேகனில் வந்து இறங்கிவிடும். வெள்ளைக்காரன் இங்கே விமானத்தளம் போட்டதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

சண்டை முடிந்தது, அவனும் போனான். தளம் மட்டும் கிடந்தது.

எழுபதுகளில் என் பாட்டிக்கு அது 'ஏரோட்ரம்'. எங்களுக்கு அதுதான் களம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கி ஆய்ந்ததும் கூடை கூடையாகக் கொண்டுபோய்க் கொட்டுவோம். மண் ஒட்டாது, இரண்டே வெயிலில் கலகலவென்று காய்ந்துவிடும். ஆனால் பதினோரு மணிக்கு மேல் அந்தத் தளத்தில் வெறுங்காலோடு நிற்க முடியாது. ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலில் வைத்துக்கொண்டு, கொக்கு மாதிரி நின்றுதான் கிளறுவேன். வெடிப்புகளில் விழுந்த கொட்டையை அருவா மூக்கால் நெம்பி எடுக்கச் சொல்வாள் பாட்டி. "சொரண்டி எடு பாப்பா, வெள்ளக்காரன் ரோட்டுக்குத் தீனி போடவா வெதச்சோம்?" எடுக்காமல் விட்டது மழைக்கு முளைத்து, தளத்தின் நடுவில் கோடு போட்ட மாதிரி பச்சையாக நிற்கும். 'கைவிடப்பட்ட விமானத்தளம்' என்று எழுதுகிறவர்கள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் கடற்படை வந்தது, வேலி வந்தது. 1992 மார்ச் 11-ல் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் வந்து ஐ.என்.எஸ். ராஜாளியைத் தொடங்கிவைத்தார். இப்போதைய ஓடுதளம் நாலு கிலோமீட்டருக்கு மேல். ரஷ்யாவின் டி.யு.-142 ரோந்து விமானம் தலைக்கு மேல் போனால் எங்கள் வீட்டு எவர்சில்வர் தட்டெல்லாம் அதிரும். 2017-ல் அதற்கும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஊர் வட ஆற்காட்டிலிருந்து வேலூருக்குப் போய், 2019-ல் ராணிப்பேட்டை மாவட்டமும் ஆகிவிட்டது. வேலி வந்தப்புறம் அதற்கு உள்ளே மட்டும் நான் போனதே இல்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் மூழ்கி, பயணிகள் விமானங்களை ராஜாளியிலிருந்து விட்டார்களே, அப்போது என் அண்ணன் மகன் அங்கிருந்துதான் ஏறினான். உள்ளே இருந்து போன் பண்ணினான்.

"அத்தை, நீங்க மல்லாட்டை காய வெச்ச எடத்துலதான் நிக்கிறேன்."

"கால்ல செருப்பு இருக்காடா?" என்று கேட்டேன்.