பழைய டிஎன்எஸ் சர்வர் ஓடிக்கொண்டிருந்தவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது

சர்வர் டீமிலிருந்து வந்த மெயில் இரண்டே வரி. பழைய டொமைன் கன்ட்ரோலர்கள் இரண்டையும் திங்கட்கிழமை காலை நிறுத்தப் போகிறோம், டெலிபோன் சிஸ்டத்தில் டிஎன்எஸ் முகவரிகளை அதற்குள் மாற்றிவிடுங்கள். டிஎன்எஸ் என்பது ஒரு சர்வரின் பெயரைக் கேட்டால் அதன் ஐபி முகவரியைச் சொல்லும் சேவை. அந்த வேலையையும் செய்துவந்தவை, பயனர் கணக்குகளைக் கவனிக்கும் இந்த டொமைன் கன்ட்ரோலர்கள்தான். சர்வர் டீமைக் குறை சொல்ல முடியாது. அவை ஓடிய விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-க்கான ஆதரவு 2023 அக்டோபரோடு முடிந்துவிட்டது. ஆடிட் வரும்போதெல்லாம் அந்த இரண்டு சர்வரையும் காட்டித்தான் எங்களைக் கேள்வி கேட்பார்கள்.

எங்களிடம் இருப்பது, ஆபீஸ் போன்களின் கால்களை இணைத்துவிடும் சிஸ்கோ கால் மேனேஜர் 12.5. யூனிஃபைட் கம்யூனிகேஷன்ஸ் மேனேஜர் என்பது முழுப்பெயர், அப்படி யாரும் கூப்பிடுவதில்லை. ஒரு பப்ளிஷர் (தலைமை சர்வர்), இரண்டு சப்ஸ்கிரைபர் (அதோடு சேர்ந்து ஓடும் சர்வர்கள்), வாய்ஸ்மெயிலுக்கு ஒரு யூனிட்டி கனெக்‌ஷன். சென்னைக்கு வெளியே ஆலை, நகரத்துக்குள் அலுவலகம், இரண்டிலும் சேர்த்து சுமார் 900 போன்.

எங்கள் சீனியர் ஒருவரிடம் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "தம்பி, பிரைமரி டிஎன்எஸ்ஸைத் தொட்டா லைசன்ஸ் போயிடும், பாத்துக்க." பிரைமரி என்றால் முதலில் கேட்கும் டிஎன்எஸ், அது பதில் சொல்லாவிட்டால் கேட்பது செகண்டரி. அவர் சொன்னது ஒரு காலத்தில் உண்மை. 8-ஆம் பதிப்பை விஎம்வேரில் (மெய்நிகர் சர்வராக) ஓட்டியபோது, ஹோஸ்ட்நேம், ஐபி, என்டிபி (நேரம் சொல்லும் சர்வர்), பிரைமரி டிஎன்எஸ் போன்றவற்றைச் சேர்த்துத்தான் லைசன்ஸ் மேக் என்ற அடையாளத்தைக் கணக்கிடுவார்கள். ஒன்று மாறினாலும் லைசன்ஸை மறுபடி எழுதி வாங்க வேண்டும், அதற்கு 30 நாள் அவகாசம். 12-இல் ஸ்மார்ட் லைசன்சிங் வந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. "இப்ப அது இல்லண்ணே" என்றேன். அவர் நம்பவில்லை. அவருக்காகவே பேக்கப்பை இரண்டு முறை எடுத்தேன்.

முன்னேற்பாட்டில் உருப்படியாகச் செய்த காரியம் ஒன்று உண்டு. புது சர்வரிடம் எல்லா நோடுகளின், அதாவது எங்கள் டெலிபோன் சர்வர்களின், பெயரையும் கேட்டுப் பார்த்தேன், பதில் வந்தது. ஐபியைக் கொடுத்துப் பெயரைக் கேட்டேன், ஒன்றுக்கும் வரவில்லை. விசாரித்தால், ஐபியிலிருந்து பெயரைச் சொல்லும் பட்டியலான ரிவர்ஸ் சோன் மட்டும், டொமைன் கன்ட்ரோலர்கள் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் ஆக்டிவ் டைரக்டரியோடு சேராமல், பழைய சர்வரில் தனி ஃபைலாக யாரோ எப்போதோ உருவாக்கியது. அதனால் மற்ற சோன்களோடு அது புது சர்வருக்கு வந்து சேரவே இல்லை. கவனிக்காமல் மாற்றியிருந்தால் 'யூடில்ஸ் டயக்னோஸ் டெஸ்ட்' என்ற சோதனைக் கமாண்டை ஓட்டும்போது நெட்வொர்க் சோதனையில் ரிவர்ஸ் லுக்கப் இல்லை என்று வந்து நின்றிருக்கும். வெள்ளிக்கிழமையே சரி செய்துவிட்டார்கள்.

சனிக்கிழமை இரவு பதினொரு மணி. கால் மேனேஜரில் டிஎன்எஸ்ஸை மாற்ற வெப் பக்கம் தேடி அலைய வேண்டாம், கமாண்ட் லைன்தான். பப்ளிஷரில் ஆரம்பித்தேன். முதலில் செகண்டரியை மாற்றினேன், அப்புறம் பிரைமரியை. 'செட் நெட்வொர்க் டிஎன்எஸ் பிரைமரி' என்று அடித்துப் புது முகவரியைக் கொடுத்தால், நெட்வொர்க் சற்று நேரம் துண்டிக்கப்படும், தொடரவா என்று கேட்கும். யெஸ். கமாண்ட் அடித்துக்கொண்டிருந்த எஸ்எஸ்ஹெச் ஜன்னல் உறைந்து நின்றது. அந்தச் சில நொடிகளில் பேக்கப் எடுத்தோமா என்று மனசு ஒருமுறை கேட்கும் பாருங்கள், இரண்டு தடவை எடுத்தவனுக்கும் கேட்கும்.

திரும்பி வந்ததும், அட்மின் வெப் பக்கங்களை ஓட்டும் டாம்கேட்டை ரீஸ்டார்ட் செய்தேன். பிரைமரி டிஎன்எஸ் மாறினால் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். அட்மின் பக்கம் திரும்பி வரப் பல நிமிடம் ஆகும், டீ குடித்து வந்துவிடலாம். பிறகு, நோடுகளின் டேட்டாபேஸ்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் 'யூடில்ஸ் டிபிரெப்ளிகேஷன் ரன்டைம்ஸ்டேட்', எல்லா வரியிலும் 2. இந்த இடத்தில் 2-ஐத் தவிர வேறு எந்த எண் வந்தாலும் அன்றைக்குத் தூக்கம் இல்லை.

முதல் சப்ஸ்கிரைபரும் அதே போல முடிந்தது. இரண்டாவதில் செகண்டரியை மாற்றிக்கொண்டிருந்தபோது ஆலையிலிருந்து போன், நைட் ஷிப்டில் ஏதோ ஸ்விட்ச் பிரச்சினை. அரை மணி நேரம் அதிலேயே போனது. திரும்பி உட்கார்ந்து, 'யூடில்ஸ் நெட்வொர்க் ஹோஸ்ட்' போட்டுச் சில பெயர்களைக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. கால் போட்டுப் பார்த்தேன், போனது. யூனிட்டியையும் முடித்துவிட்டு இரண்டரை மணிக்கு வீட்டுக்குக் கிளம்பினேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் பழைய சர்வர்களை நிறுத்தினார்கள். பத்தரைக்கு ரிசெப்ஷனிலிருந்து போன்: "சார், வெளிய டயல் பண்ணா சத்தமே இல்ல. வச்சிடலாம்னு நெனைக்கறப்ப ரிங் போகுது." எல்லாக் காலுக்குமா என்றால் இல்லை, சில கால்களுக்கு மட்டும். சிலருக்கு மட்டும். இப்படி வரும் புகார்தான் மிக மோசமானது.

ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு நானே டயல் செய்தேன். தாமதம் ஏறக்குறைய ஐந்து விநாடி. அந்த ஐந்தில்தான் பொறி தட்டியது. லினக்ஸில் ஒரு டிஎன்எஸ் சர்வர் பதில் சொல்லாவிட்டால், அடுத்ததைக் கேட்பதற்கு முன் காத்திருக்கும் வழக்கமான நேரம் ஐந்து விநாடி. கால் மேனேஜருக்கு அடியில் இருப்பதும் லினக்ஸ்தான். வெளிக் கால்கள் போகும் இணைப்பான எங்கள் சிப் டிரங்கில் எதிர்முனை ஐபியாக இல்லை, பெயராக இருக்கிறது. பெயருக்கான விடை கேஷில் (தற்காலிக நினைவில்) இருக்கும்வரை கால் உடனே போகும், காலாவதியானால் அடுத்து டயல் செய்பவர் காத்திருப்பார். இரண்டாவது சப்ஸ்கிரைபரில், நெட்வொர்க் அமைப்பைக் காட்டும் 'ஷோ நெட்வொர்க் ஈத்0' போட்டேன். செகண்டரி புதுசு, பிரைமரி பழசு. போன் பேசப் போனவன் திரும்பி வந்து அதை மாற்றவே இல்லை.

சனிக்கிழமை இரவு நான் செய்த சோதனைகள் எல்லாம் ஏன் தேறின? பழைய சர்வர் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. கேட்டவனுக்கெல்லாம் அது பதில் சொல்லிக்கொண்டிருந்தது. பெயருக்கு விடை வருகிறதா என்று பார்த்தேனே தவிர, விடை எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவில்லை.

பகல் நேரத்தில் நெட்வொர்க்கைத் துண்டிக்கும் கமாண்டை அடிக்க எனக்குத் துணிச்சல் இல்லை. சர்வர் டீமிடம் போய், இரவு வரைக்கும் பழையதை மறுபடி ஆன் செய்யுங்கள் என்று கேட்டேன். செய்தார்கள், கொஞ்சம் சிரித்துவிட்டு. இரவு மாற்றினேன், டாம்கேட், ரெப்ளிகேஷன், எல்லா நோடிலும் 'ஷோ நெட்வொர்க் ஈத்0' எடுத்து ஒன்றுக்கு ஒன்று ஒப்பிட்டேன்.

இந்த முறை அவசரப்படவில்லை. பழைய சர்வரில் டிஎன்எஸ் டீபக் லாகை (வரும் கேள்விகளின் பதிவை) ஆன் செய்யச் சொல்லி, இன்னும் யார் யார் கேட்கிறார்கள் என்று பார்த்தோம். பட்டியல் நீளமாக இருந்தது. பெரும்பாலும் போன்கள். போனுக்கு டிஎன்எஸ் முகவரி போவது, ஐபியைத் தானாகக் கொடுக்கும் டிஹெச்சிபியின் ஆப்ஷன் 6 வழியாக. அதை ஏற்கனவே மாற்றியாயிற்று, ஆனால் எங்கள் லீஸ், அதாவது கொடுத்த ஐபி செல்லும் காலம், 8 நாள். பாதி கழிந்த பிறகுதான் போன் புதுப்பிக்கவே கேட்கும். வெள்ளிக்கிழமைக்குள் அவை தாமாகவே உதிர்ந்துவிட்டன.

மிஞ்சியவை பதினோரு ஐபி. ஒன்று, எங்கள் போன்களை வெளி லைன்களோடு இணைக்கும் வாய்ஸ் கேட்வே ரவுட்டர், அதில் டிஎன்எஸ் முகவரியைச் சொல்லும் நேம்-சர்வர் வரி பழையதாகவே இருந்தது. மற்ற பத்தும் கையால் ஐபி கொடுத்த பழைய 7942 போன்கள், ஆலையின் கேட்டிலும் எடைமேடையிலும் ஸ்டோர்ஸிலும். அவை கால் மேனேஜரோடு ஐபியில் பேசுவதால் கால் போவதில் குறை வந்திருக்காது. டைரக்டரி பட்டனை அழுத்தினால்தான் தெரியும், அந்த யுஆர்எல்லில் எங்கள் சர்வரின் பெயர் இருக்கிறது. கேட்டில் இருந்த செக்யூரிட்டி அண்ணன், "திங்கக்கிழம காலைல கொஞ்ச நேரம் ஹோஸ்ட் நாட் ஃபவுண்ட்னு வந்துச்சு சார், அப்புறம் தானா சரியாயிடுச்சு" என்றார். எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணமும் அவரே சொன்னார்: "அதான் கால் போகுதே."

ஒவ்வொரு போனாகப் போய் செட்டிங்ஸைத் திறந்து, ஸ்டார் ஸ்டார் ஹேஷ் அழுத்திப் பூட்டை எடுத்து, இரண்டு முகவரிகளையும் கையால் அடித்தேன். ஒரு மதியம் முழுக்க ஆனது. மறுநாள் லாகில் கேட்வேயும் இல்லை, போன்களும் இல்லை. சர்வர் டீமுக்கு இரண்டு வரி மெயில் போட்டேன்.